பத்தொன்பது வெள்ளிக்கிழமைகளின் உப்பு

அன்று முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். செங்கல்பட்டுக் கல்லூரியின் விலங்கியல் விரிவுரையாளர் மார்கரெட் அம்மையார். ஆய்வுக்கூட உதவியாளர் ராஜாராம். பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு மாணவிகள் வச்சலா, சரோஜா, வசந்தா. கோவளம் மீனவக் குப்பத்தின் தலைவர், நாட்டார் சடையப்பன். அவருடைய தம்பிமார் நால்வர். பெயர் வேண்டுகிறவர்கள் குப்பத்தில் கேட்டுக்கொள்ளலாம். சடையப்பனின் தங்கை குப்பம்மா. குப்பம்மாவின் மகன் இருசப்பன்.

1977ஆம் ஆண்டு அக்டோபர் 29, சனிக்கிழமை, காலை பத்து மணி. வச்சலாவும் இருசப்பனும் முதன்முதலில் பார்த்துக்கொண்டது அங்கேதான். பன்னிரண்டு பேர் நடுவில். தனியாகச் சந்தித்தார்கள் என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. அதனால்தான் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் வச்சலாவின் பெரியப்பா. அகரத்தாங்கல் கிராம முன்சீப் சிவப்பிரகாசம். அவளுடைய தகப்பன், அதாவது என் தம்பி, காலமான பிறகு அவளை வளர்த்தவன். அன்று நான் அங்கே இல்லை. இருந்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வசந்தா மட்டும் கல்யாணமாகி பம்பாய்க்குப் போய்விட்டாள். வச்சலாவின் மனத்தில் ஓடியதையெல்லாம் பின்னாளில் அவளே தன் பெரியம்மாவிடம் சொன்னாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

அந்த வருஷம் கல்லூரியில் சூழ்நிலையியல் என்று ஒரு பாடம் புதிதாக வந்திருந்தது. நீரும் மண்ணும் காற்றும் உயிர்களும் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்து வாழ்கின்றன என்று சொல்லும் பாடம். புத்தகத்தில் படித்தால் போதாது, போய்ப் பார்க்க வேண்டும் என்பது மார்கரெட் அம்மையாரின் கட்சி. மாணவர்களை வேறொரு ஆசிரியர் மாமல்லபுரத்துப் பாறைகளுக்கு அழைத்துப் போனார். மூன்று மாணவிகளோடு இவர் முட்டுக்காட்டு உப்பங்கழிக்கு வந்தார்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது… கழி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. மறுபுறம் கடல் இரைந்தது. இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்மேடு. அந்த மேட்டின் மேல் ஆறு ஆண்கள் வரிசையாக நின்று மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வச்சலா அதைப் பார்த்தாள். குடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஏன் ஓடினாள் என்பதை எங்கள் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர் ஏரியை நம்பிய ஊர். நிரம்பிய நீருக்கு முன்னால் நின்று ஒருவன் கரையை வெட்டுகிறான் என்றால், அதைவிடப் பெரிய பாதகம் எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது எங்கள் ஏரி உடைந்தது. மணல் மூட்டையோடு உடைப்பில் இறங்கிய என் தம்பி திரும்பி வரவில்லை. அவர்கள் வெட்டிக்கொண்டிருந்த பள்ளத்துக்குள் அந்தப் பெண் குதித்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டாள்.

"நிறுத்துங்க! வெட்டாதீங்க! கரைய வெட்டாதீங்க!"

முன்னால் நின்றவனின் மண்வெட்டி அந்தரத்தில் நின்றது. கறுத்த தோள்களில் மழை வழிந்துகொண்டிருந்தது. தலைப்பாகைத் துணி நெற்றியில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்… கோபப்படலாமா சிரிக்கலாமா என்று முடிவு செய்யாத கண்கள்.

"இன்னாம்மா இது! குறுக்கால வந்து நிக்கிற? அட்ச்சுகினு பூடும், ஏறு மேல."

"ஏற மாட்டேன். தண்ணி போயிடும். ஊரே போயிடும்!"

"எந்த ஊரு? எங்க வூடே அங்கதான் கீது." அவன் மண்வெட்டிக் காம்பால் காட்டினான். "எங்க வூட்ட நானே அட்ச்சிகினு போவ வுடுவனா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "டேய் இருசப்பா, போலீசுகாரம்மா வந்துகிறாங்கடா. மம்டிய கீழ போட்டுட்டு கைய தூக்குடா!" என்றார் ஒருவர்.

வச்சலா சிரிக்கவில்லை. அவளுடைய கண்களில் நீர் முட்டி நின்றது. மழை நீரில்லை என்பது பார்த்தவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கப்பா இப்படித்தான் போனாரு… கரை உடைஞ்சு."

இருசப்பன் மண்வெட்டியைக் கீழே இறக்கினான். பின்னாலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். பிறகு, தன் தாயிடம் பேசுவதுபோல மெல்லப் பேசினான்.

"இது ஏரிக்கர இல்லம்மா. கடல் கொண்டாந்து போட்ட மண்ணு. கோடையில வாய மூடிகினு கீது. மழ வந்தா தொறந்து வுட்டாத்தான் உள்ள கீற மீனு பொழைக்கும். எறாக் குஞ்சு அந்தாண்ட வெளிய நின்னுகினு கீது, எப்ப தொறப்பான்னு. கடல் வத்தம் பாத்து நாட்டார்தான் நேரம் சொல்லுவாரு. எங்க தாத்தா காலத்துலேந்து இதான் வேல."

அவள் சுற்றிலும் பார்த்தாள். மார்கரெட் அம்மையார் மூச்சிரைக்க வந்து நின்று, "அவர் சொல்வது சரி வச்சலா. நாம் பார்க்க வந்ததே இதைத்தான்" என்றார்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் அவளுக்கு… காது மடல் வரை சிவந்துவிட்டாள். அதற்குள் பள்ளத்தில் நீர் கசிந்து கணுக்கால் நனைந்தது. இருசப்பன் மண்வெட்டிக் காம்பை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். காம்பின் ஒரு நுனி அவன் கையில், மறு நுனி அவள் கையில். கை படவில்லை. குப்பம்மா இதை உறுதிப்படுத்தினாள்.

முதல் பார்வை எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். மேலே ஏறிய பிறகு வச்சலா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அப்போதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு பேரும் கழியைப் பார்த்தார்கள்… அவ்வளவுதான். ஒரு சாண் அகலத்தில் ஓடிய நீர் ஒரு முழமானது, ஒரு ஆள் அகலமானது, மணலைக் கரைத்துக்கொண்டு கடலை நோக்கிப் பாய்ந்தது. தன் வாழ்நாளில் முதன்முறையாக, கரை உடைவதைப் பயமில்லாமல் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்கரெட் அம்மையார் அங்கேயே ஒரு முடிவு செய்தார். முகத்துவாரம் திறந்த பிறகு கழியின் உப்பு வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்பதை மார்ச்சு வரை கணக்கிட வேண்டும். அது வச்சலாவின் ஆய்வு. பள்ளத்தில் குதித்ததற்குத் தண்டனை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாராவாரம் செங்கல்பட்டிலிருந்து இவ்வளவு தூரம் யார் வருவது?

"நான் ரொப்பித் தர்றேன்," என்றான் இருசப்பன். "வெள்ளிக்கெழம நாங்க கடலுக்குப் போறதில்ல. காலைல பஸ்ல குடுத்து வுடறேன்."

"தேதி, நேரம், நீர் ஏறுதா இறங்குதான்னு எழுதணும்," என்றாள் வச்சலா. 

"எழுதத் தெரியும்மா. எட்டாவது பாஸு. ஒம்பதாவதுதான் என்னைய பாஸ் பண்ணிட்டுப் பூட்ச்சி."

அவள் அப்போதுதான் சிரித்தாள்.

முதல் புட்டி நவம்பர் 4ஆம் தேதி வந்தது. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு வரும் பஸ்ஸில், கண்டக்டர் அப்பாசாமியின் காலடியில், பனையோலைக் கூடைக்குள் உட்கார்ந்து வந்தது. மருந்துப் புட்டி. தக்கை அடித்து, மெழுகு ஊற்றி, கழுத்தில் நூலால் ஒரு சீட்டு. பென்சில் எழுத்து. "4-11-77 வெள்ளி. காலை 6. வத்தம்." வத்தம் என்றால் நீர் இறங்குகிற நேரம், ஏத்தம் என்றால் ஏறுகிற நேரம்.

உப்பைக் கணக்கிடும் முறையை அவள் எனக்கு ஒருநாள் விளக்கியிருக்கிறாள். கழி நீரில் மஞ்சள் நிற மருந்து சிறிது சேர்த்து, வெள்ளி நைட்ரேட்டைத் துளித்துளியாக விட வேண்டும். உப்பு இருக்கும்வரை நீர் பால்போல வெளுக்கும். உப்பு தீர்ந்த அந்த நொடியில், ஒரே ஒரு துளியில், செங்கல் நிறம் வந்துவிடும். எத்தனை துளி என்பதுதான் கணக்கு. கண்ணை எடுக்கக் கூடாது.

அவள் கண்ணை எடுக்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தாள். இந்த நீரை எடுக்க அவன் இடுப்பளவு ஆழத்தில் நின்றிருப்பான்… குளிர்ந்திருக்குமோ… இந்தப் புட்டியின் கழுத்தை அந்தக் கைதான் பிடித்திருக்கும். எண்ணம் அங்கே போனதும் துளியைத் தவறவிட்டாள். மறுபடி முதலிலிருந்து. ராஜாராம் கேட்டார்: "இன்னா வச்சலா, ஒரு பாட்டிலுக்கு மூணு தபா பண்றியே, கவர்மெண்டு மருந்தும்மா!"

வாரத்துக்கு வாரம் உப்பு ஏறியது. கட்டத்தாளில் அவள் வைத்த புள்ளிகளும் ஏறின. சீட்டில் எழுத்தும் மெல்லக் கூடியது. மூன்றாம் வாரம்: "காலை 6. ஏத்தம். கடல் கெட்டு கீது. மூணு நாளா படகு போவல." அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் வாரம்: "எறா உள்ள வந்துச்சி." ஆறாம் வாரம்: "உங்க ஏரி ரொம்பிச்சா?"

அதற்குப் பதில் போடலாமா என்று மூன்று நாள் யோசித்தாள். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. ஆனால் ஏரியைப் பற்றிக் கேட்பதில் தப்பென்ன… காலிக் கூடை திரும்பிப் போனபோது அதன் பிடியிலும் ஒரு சீட்டு இருந்தது. "நிரம்பியது. கலங்கல் மேல் தண்ணீர் வழிகிறது. கரை பத்திரம்."

அடுத்த வெள்ளி வந்த சீட்டில் தேதி, நேரம், ஏத்தம். அதற்குக் கீழே ஒரே ஒரு சொல். "சந்தோசம்."

அந்தச் சீட்டை அவள் ஆய்வு நோட்டில் ஒட்டவில்லை. எங்கே வைத்தாள் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

ஜனவரி 20ஆம் தேதி பஸ் வரவில்லை. கோவளம் போகும் வழியில் திருப்போரூரில் ஏதோ பழுது. மதியம் வரை ஆய்வுக்கூடத்து ஜன்னலில் நின்றாள். "ஒரு வாரந்தானே, விடுடி," என்றாள் சரோஜா. பன்னிரண்டாம் புள்ளி விடுபட்டுப் போகும் என்பது மட்டும்தான் தன் கவலை என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. இருபத்தைந்து மைல். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மார்போடு கட்டிய துண்டுக்குள் புட்டி.

"ஒடையல," என்றான். வேறு எதுவும் சொல்ல அவனுக்கு மூச்சில்லை.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோ தூரம்… எதுக்கு? அடுத்த வாரம் அனுப்பியிருக்கலாமே."

"அடுத்த வாரத் தண்ணி வேற. இது இன்னிக்குத் தண்ணி." டம்ளரை வைத்தான். "நீ தானே சொன்ன, வுடக்கூடாதுன்னு."

"நான் எப்போ சொன்னேன்?"

"சொல்லல? அப்ப என் காதுலதான் கேட்டுகினு கீது போல."

அவனை உட்கார வைத்து அந்தப் புட்டியை அவன் கண் முன்னாலேயே சோதித்தாள். துளி விழ விழ நீர் வெளுத்தது. திடீரென்று சிவந்தது.

"யம்மா! இன்னா இது, ரத்தம் மாரி!"

"உப்பு தீந்துடுச்சு. தீந்ததும் இந்த நிறம் வந்துடும்."

"அதுவரிக்கும் மூஞ்ச காட்டாதா?"

"காட்டாது."

"சில பேரு மாரியே," என்றான் அவன், புட்டியைப் பார்த்தபடி.

ராஜாராம் அந்த நேரம் முழுவதும் அதே அறையில் இருந்தார். ஆனால் மகனுக்கு இடம் கேட்டுக் கல்லூரிக்கு வந்திருந்த எங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளை, வெளியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஜன்னலில் தெரிந்தது இரண்டு பேர்தான். சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னார்.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மறுநாள் பஸ் நிலையத்துக்குப் போய்க் கண்டக்டர் அப்பாசாமியிடம், "இனிமேல் அந்தப் புட்டி வண்டியில் ஏறக்கூடாது. அனுப்பவும் கூடாது என்று அந்தப் பையனிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்" என்றேன். வீட்டுக்கு வந்து வச்சலாவிடம், "மீதியைப் புத்தகத்தைப் பார்த்து எழுது" என்றேன். அவள் "சரி பெரியப்பா" என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு வெள்ளி போனது. இரண்டு, மூன்று… அவள் கல்லூரிக்குப் போனாள், வந்தாள், விளக்கேற்றினாள், படித்தாள். சிரிப்பு மட்டும் எங்கேயோ தங்கிவிட்டது. மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கிழக்கே பார்த்தபடி நிற்பாள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து கிழக்கே பனைமரங்களும் வானமும்தான் தெரியும். கடல் தெரியாது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச்சு மாதம் சரோஜா வீட்டுக்கு வந்தாள். ஆய்வு நோட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

"ஏழு வாரம் காலியா கிடக்குதேடி. நோட்டைத் திருப்பிடுவாங்க. டிகிரியே நின்னுடும். பேசாம போன மாசத்துக்குப் பதினெட்டு, இந்த மாசத்துக்கு இருபதுன்னு போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"அடி போடி! உப்பு எங்க போகப்போவுது? ஏறிக்கிட்டுதானே இருந்திருக்கும்?"

"இருந்திருக்கும். ஆனா நான் பாக்கலையே. பாக்காத உப்பை எழுத மாட்டேன். டிகிரி வராட்டி போகுது."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஏரி உடைந்த அன்று, "உள்ளே இறங்காதே" என்று நான் சொன்னபோது, என் தம்பி பதில் சொன்ன குரல் அது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் அவள். பொய்க் கையெழுத்துப் போடாத குடும்பம் என்று நாலு ஊரில் பெயர். இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாத இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது நான். மானத்தைக் காக்கிறேன் என்று நினைத்துச் செய்தேன். மார்ச்சு 11ஆம் தேதி, சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கோவளத்துக்கு பஸ் ஏறினேன். நோட்டுக்குக் கடைசி வாரத்துப் புட்டி ஒன்றாவது கிடைக்கட்டும். கூடவே, அந்தப் பையனிடம் எல்லாம் இதோடு முடிந்தது என்று நேரில் சொல்லிவிட வேண்டும். இதுதான் என் எண்ணம்.

குப்பம்மா வீட்டு வாசலில் நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

"ஓ… நீதானா அந்தப் பெரியப்பா! வா நைனா, வா. ஒன்னத்தான் தேடிகினு கீறேன். ஊட்ல ஒரு பாட்டில் வெக்கல இவன். நல்லெண்ண வாங்கணும்னா செம்பு தூக்கினு போறேன். எல்லாத்திலயும் தண்ணி! கட்டிலு கீழ வந்து பாரு."

குனிந்து பார்த்தேன். ஏழு புட்டிகள் வரிசையாக நின்றன. தக்கை, மெழுகு, நூல், சீட்டு. ஜனவரி 27. பிப்ரவரி 3, 10, 17, 24. மார்ச்சு 3. நேற்றைய தேதி, மார்ச்சு 10.

இருசப்பன் வலையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு வந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டான். ஆனால் தலையைக் குனியவில்லை.

"அனுப்பக் கூடாது என்று சொல்லியிருந்தேனே," என்றேன்.

"ஆமாங்க. அனுப்பல."

"பிறகு இது?"

"அனுப்பாதன்னுதான் சொன்னீங்க. ரொப்பாதன்னு சொல்லலீங்களே."

 முப்பது வருஷம் முன்சீப்பாக இருந்தவனுக்கு அவன் சட்டம் சொன்னான்.

"எதற்காக நிரப்பினாய்? இது அவளிடம் போய்ச் சேராது என்று தெரியுமல்லவா?"

"தெரியும்ங்க. ஆனா என்னிக்காவது கேட்டா, அன்னிக்குத் தண்ணிய அன்னிக்குத்தானே எடுக்க முடியும்? மெழுகு ஊத்திட்டா உப்பு எங்கியும் போவாதுன்னு டீச்சரம்மா சொல்லிகிறாங்க."  குப்பம்மா நெத்திலியைக் கிளறுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "இன்னொண்ணு சொல்லணும்ங்க. எனக்கு அவங்கள புட்ச்சிகீது. ரொம்ப. அத்த அவங்ககிட்ட நான் சொன்னதில்ல. வூட்டுப் பெரியவங்களுக்குத் தெரியாம சொன்னா அது திருட்டு மாரி. அதான் உங்ககிட்ட மொதல்ல சொல்றேன். சொல்லணுமா வேணாமான்னு நீங்க பாத்துக்குங்க."

 கூடையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏழு புட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு வரை வந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். தேதி, நேரம், ஏத்தம் அல்லது வத்தம். அதற்குமேல் ஒரு எழுத்து இல்லை. ஏழு வாரம், ஒரு எழுத்துகூட இல்லை.

வச்சலா கூடையைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். புட்டிகளை எடுக்கவில்லை. முதல் சீட்டை மட்டும் விரலால் தொட்டாள்.

"நல்லா இருக்காங்களா, பெரியப்பா?"

"இருக்கிறான்."

"எதாவது சொன்னாங்களா?"

"நேரமாகிறது. படி," என்றேன்.

அவள் ஏழு புள்ளிகளையும் வைத்தாள். நோட்டு முழுமையாயிற்று. தேர்வு முடிந்தது. அவன் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஏழு வாரம் என்னிடமே வைத்துக்கொண்டிருந்தேன். சாதி வேறு, தொழில் வேறு, ஊர் என்ன சொல்லும்… எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். போட்ட கணக்கு எதிலும் தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் அவள் என் முன்னால் வந்து நின்றாள். "அவங்க வீட்டுப் புட்டிங்க பத்தொன்பது நம்மகிட்ட இருக்கு பெரியப்பா. திருப்பிக் கொடுக்கணும்."

வாங்கிய பொருளைத் திருப்பித் தருவது எங்கள் வீட்டு வழக்கம். மறுக்க எனக்கு வழியில்லை. "நானும் வருகிறேன்," என்றேன்.

மணல்மேடு மறுபடியும் வாயை மூடியிருந்தது. கழி அசையாமல் கிடந்தது. குப்பம்மா புட்டிகளை எண்ணி வாங்கிக்கொண்டு, "அந்தாண்ட வலை காயப் போட்டுகினு கீறான், போங்க," என்றாள். நான் நாற்பது அடி தள்ளி நின்றேன். காற்று என் பக்கம் வீசியது. கேட்டது என் குற்றமில்லை.

"பரிச்ச நல்லா எழுதினியா?"

"எழுதினேன்."

"அந்தத் தண்ணிய ஒத்துகினாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க. வெளியூர்லேருந்து வந்த பரீட்சை அதிகாரி கட்டத்தாளைப் பாத்துட்டு, ஒரு வாரம்கூட விடாம யாரும்மா எடுத்துக் கொடுத்ததுன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"பேரைச் சொன்னேன்."

"வெறும் பேரா?"

"இருசப்பன்னா யாரு, கல்லூரியில வேலை பாக்குறவரான்னு கேட்டாரு…" அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள். "எனக்கு வேண்டியவங்கன்னு சொன்னேன்."

அவன் வலையைக் கீழே போட்டான்.

"பாட்டில் வராத ஏழு வாரமும்," என்றாள் அவள், கழியைப் பார்த்தபடி, "பஸ் வர்ற நேரத்துக்கு ஜன்னல்ல போய் நின்னேன். வராதுன்னு தெரியும். தெரிஞ்சும் நின்னேன். அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல… நீங்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். ஏழு சீட்டுலயும் ஒண்ணுமே எழுதல. உங்களுக்கு ஒண்ணுமில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"எழுதலதான். ஆனா சொல்லி அனுப்பிச்சேனே!"

"யார்கிட்ட?"

அவன் நாற்பது அடி தள்ளி நின்ற என்னைப் பார்த்தான். வச்சலா திரும்பினாள். அப்பன் போன நாளிலிருந்து நான் வளர்த்த பெண். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் பார்த்ததில்லை. கோபமில்லை அது… தாகம்.

"பெரியப்பா… என்ன சொன்னாங்க?"

ஒருவன் என்னை நம்பிக் கொடுத்ததை நான் ஏழு வாரம் மடியில் கட்டி வைத்திருந்தேன். அதற்கு என்ன பெயர் என்று அவன் அன்றே சொல்லியிருந்தான். திருட்டு. என் குடும்பத்தின் மானத்துக்கு வெளியிலிருந்து யாரும் குறை வைக்கவில்லை.

அலை இரைந்துகொண்டிருந்தது. மெல்லச் சொன்னால் அவளுக்குக் கேட்காது. அறுபது வயதில், வெட்ட வெளியில், குப்பமே பார்த்துக்கொண்டிருக்க, நான் உரக்கச் சொன்னேன்.

"உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னான்! ரொம்ப என்று சொன்னான்!"

குப்பம்மா அங்கிருந்தே, "எப்பா! இப்பவாச்சும் வாய தொறந்துச்சே பெருசு!" என்றாள்.

வச்சலா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். விரல்களின் இடுக்கில் அவளுடைய கண்கள் அழுதன, சிரித்தன… பிறகு கைகளை எடுத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும்," என்றாள்.

நாட்டார் சடையப்பனைச் சம்மதிக்க வைக்க மேலும் நான்கு மாதம் ஆயிற்று. "ஏரிக்காரப் பொண்ணு கடல்காரன் வூட்ல எத்தினி நாள் தாங்குவா?" என்பது அவருடைய கேள்வி. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, மானம் இருக்கிறது. அதை நான் மதித்தேன். மூன்று தடவை போய்ப் பேசினேன். ஆவணியில் திருப்போரூர்க் கோயிலில் கல்யாணம் நடந்தது. இரண்டு ஊர் மனிதர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். உட்காராதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. சிவப்பிரகாசம் வீட்டுப் பெண் நாலு மணி பஸ்ஸில் கோவளத்துக்கு ஓடிப்போய்விட்டாள் என்று அகரத்தாங்கலில் இன்றும் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நாலு மணிக்கு அந்த வழியில் பஸ் கிடையாது. புட்டிக் கூடையோடு அவள் போனது காலை பதினொன்றரை மணி பஸ். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது நான்.